முதுகுவலியோடு நர்ஸிங் படிக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நர்ஸிங் படிக்க ஆசைப்படும் உங்கள் மகளைப் பற்றி, கல்லூரி, கட்டணம், விடுதி என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு வரி: "இரண்டு வருடமாக முதுகுவலி, தைலம் தேய்த்தால் குறைகிறது, மறுபடி வருகிறது." என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. பிளஸ் 2 முடித்த பெண்ணுக்கு இரண்டு வருடமாக வலிக்கிறதென்றால் அந்த வலி எதனால் என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் நர்ஸிங் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ யார் சொன்னாலும் அது குருட்டு யோசனைதான்.

ஆகவே கலந்தாய்வுக்கு முன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலி எப்போது வருகிறது, எப்போது குறைகிறது என்று இரண்டு வாரம் அவளே எழுதி எடுத்துப் போகட்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடந்து, நடமாட ஆரம்பித்தபின் இளகுகிறதா? ஓய்வெடுத்தால் குறையாமல் உடற்பயிற்சி செய்தால் குறைகிறதா? அப்படியானால் மூட்டுவாத நிபுணரையும் பார்க்க வேண்டும். தண்டுவட மூட்டுகளில் வரும் அழற்சி நோய் பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்குகிறது, ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். கால் பலவீனமாவது, தொடைகளின் உட்புறம் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது என்று ஏதாவது வந்தால் தேதி வாங்கிக் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

"வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் சார், நான் சொன்னால் கேட்க மாட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஆனால் சேர்த்துவிடத் துடிக்கும் உறவினர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் பாரம் முதலில் வரும், நாற்காலி பிறகுதான் வரும். பி.எஸ்சி. நர்ஸிங் 4 ஆண்டு, டிப்ளமோ என்றால் 3 ஆண்டு. படிக்கும்போதே வார்டுக்கு அனுப்புவார்கள். படுக்கை விரிப்பது, நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடுவது, படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அங்கேயே தொடங்கிவிடும். பாரம் தூக்காத வேலைகளான தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, சர்க்கரை நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் பணி ஆகியவை பெரும்பாலும் வார்டு அனுபவம் உள்ளவர்களுக்கே கிடைக்கின்றன. "பிறகு டீச்சிங் பக்கம் போய்விடலாம்" என்கிறார்களே, எம்.எஸ்சி. நர்ஸிங்கில் சேரவே பி.எஸ்சி.க்குப் பிறகு ஓராண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். ஆக, குறைந்தது ஐந்து வருடம். மருத்துவரிடம் "நர்ஸ் ஆகலாமா?" என்று கேட்காதீர்கள். "இந்த முதுகு ஐந்து வருட வார்டு வேலையைத் தாங்குமா, தாங்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள்.

முதுகு நன்றாக இருப்பவர்கள் எல்லாரும் தாங்கிவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் ஒரு வரம்பு சொன்னார்: எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட, நோயாளியைத் தூக்கும் வேலையில் ஒருவர் கையால் தாங்கும் எடை சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது. 60 கிலோ நோயாளியின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். தனியாளாக அவரைத் தூக்கி நகர்த்துவது எந்த முதுகுக்கும் ஆகாத காரியம். எப்படிக் குனிய வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே பாடம் நடத்துவார்கள். நல்ல பாடம்தான், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றும் வசதி, நோயாளியைத் தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பு, கூப்பிட்டால் வரும் இன்னொரு ஆள், இவைதான் காப்பாற்றும். கல்லூரி பார்க்கப் போகும்போது எல்லாரும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நீங்கள் அதன் மருத்துவமனை வார்டுக்குள் போய் இந்த வசதிகளை விசாரியுங்கள். பயிற்சிக்குத் தினமும் எவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சேர்க்கையின்போது உடற்தகுதிச் சான்று கேட்பார்கள். தெரிந்த டாக்டரிடம் வலியை மறைத்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம் வரும். வேண்டாம். இன்று மறைத்தால், நாளை இரவுப் பணியில் "என்னால் தனியாகத் தூக்க முடியாது" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டாம் ஆண்டில் முதுகுத் தட்டு (டிஸ்க்) விலகியது. "இன்னொருவர் வரட்டும் சிஸ்டர்" என்று சொல்லப் பழகவே அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. சோம்பேறி என்ற பெயரும் கிடைத்தது. இப்போது டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறாள்.

இலகுவான பிரிவு என்று ஊரார் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் எடை இல்லை, ஆனால் இன்குபேட்டர் மேல் மணிக்கணக்காகக் குனிய வேண்டும். அறுவை அரங்கில் நின்றே தீர வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருக்கு நோயாளியைத் தூக்கும் வேலை குறைவு, ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் ஸ்கூட்டி ஓட்ட வேண்டுமே!

ஒருவேளை மருத்துவர் தடுத்தால், அதே துணை மருத்துவக் கலந்தாய்வில் கண் பரிசோதனைப் படிப்பும் பி.பார்மும் இருக்கின்றன. அவற்றை ஆறுதல் பரிசாக அவள் முன் வைக்காதீர்கள். ஒருநாள் அந்த வேலை நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

மருத்துவர் அறிக்கை வந்ததும் மறுபடி எழுதுங்கள். இந்த முறை அவளே எழுதட்டும். உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் அவளுக்கு ஏன் நர்ஸிங் பிடித்திருக்கிறது என்று ஓரிடத்திலும் இல்லை.