சின்ன ட்ரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக்: மெல்போர்ன் வந்திருக்கும் போரூர் தம்பிக்கு

தம்பி, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பழைய பாக்ஸ் ட்ரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன், அதில் பிரேக் இல்லை, எலக்ட்ரிக் பிரேக் மாட்டிவிட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். லீவுக்கு அம்பத்தூர் வந்திருக்கிறேன், இங்கிருந்தே எழுதுகிறேன்.

சென்னையில் பீரோவோ கட்டிலோ மாற்ற ஒரு குட்டியானையைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. அதனால் நமக்கு இது புது விஷயம்தான். ஆஸ்திரேலிய விதிப்படி, ட்ரெய்லரும் பாரமும் சேர்ந்து அதன் சக்கரங்களில் இறங்கும் எடை 750 கிலோ வரை இருந்தால் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்திலாவது பிரேக் வேண்டும். ஆனால் பிரேக் மாட்டியதால் மட்டும் ட்ரெய்லரின் அடையாளத் தகட்டில் அடித்திருக்கும் அதிகபட்ச எடை உயர்ந்துவிடாது. ஆக்ஸில், பேரிங், ஸ்பிரிங், டயர், காரோடு இணைக்கும் கப்ளிங் இவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் கணக்கு. தகட்டில் உள்ள எடையை மாற்ற முறைப்படி சான்று வாங்க வேண்டும். புதுப்பேட்டையில் பாகம் தேடி, தெரிந்த பட்டறையில் வெல்டு வைத்து ஓட்டுகிற பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸே கைவிட்டுப் போகலாம்.

சரி, ஏற்றும் பாரத்தை உயர்த்த முடியாதென்றால் எதற்குச் செலவு? என் கருத்து, சின்ன கார் வைத்திருப்பவர் அவசியம் மாட்ட வேண்டும். மழையில் இறக்கத்தில் வரும்போது பின்னால் இருக்கும் எடை காரைத் தள்ளும். ட்ரெய்லர் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிப்பது ஆபத்து. எலக்ட்ரிக் பிரேக் இருந்தால், அதை இயக்கக் காருக்குள் வைக்கும் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி ட்ரெய்லரை மட்டும் பிடிக்கலாம். பின்னாலிருந்து இழுத்ததும் வண்டி நேராகிவிடும். ட்ரெய்லர் காரை முன்னால் தள்ளும் விசையிலேயே இயங்கும் ஓவர்ரன் பிரேக்கில் இது முடியாது, அது கார் வேகம் குறைந்த பிறகுதான் பிடிக்கும்.

உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் நெம்புகோலின் முனையில் தொங்கும். மின்சாரம் வந்ததும் அது சுற்றும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே நகரப் பார்க்கும். அந்த இழுப்பில் நெம்புகோல் திரும்பி, பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். காரில் உள்ள கன்ட்ரோலர் எவ்வளவு மின்சாரம் விடுகிறதோ அவ்வளவு பிடிக்கும்.

கிட் வாங்கும் முன் ட்ரெய்லருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சக்கரத்துக்கு உள்பக்கம், ஆக்ஸில் முனையில் நாலு போல்ட் ஓட்டையுள்ள சதுரத் தகடு இருக்கிறதா? இருந்தால் ஷூவும் மின்காந்தமும் பொருத்திய பிரேக் பிளேட்டை அதில் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். இல்லையென்றால் தகட்டை வெல்டு வைக்க வேண்டும், அது கொஞ்சம் கோணினாலும் ஷூ ஒரு பக்கமாகத் தேயும். அதைவிடத் தகடு வைத்த புது ஆக்ஸிலே வாங்குவது நல்லது. பழைய ஹப் போய் டிரம்மோடு சேர்ந்த ஹப் வரும். அதற்குப் பேரிங் அளவும் வீல் போல்ட் வரிசையும் பொருந்த வேண்டும். பிளேட்டில் இடது, வலது உண்டு. லைனிங் குட்டையான ஷூ வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும்.

வயரிங்கில்தான் பலருக்குச் சிக்கல். ஏழு பின் பிளக்கில் ஐந்தாவது பின், நீல வயர், பிரேக்குக்கு. காரில் அந்தப் பின்னுக்கு வயரே இழுக்காமல் விட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். 10 அங்குல பிரேக் ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும், மெல்லிய வயர் போதாது. எர்த் வயரைத் தனியாகப் பிளக் வரை கொண்டுபோங்கள், கார் கொக்கியின் உருண்டையான டோபால் வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

மாட்டியதும் காலி ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கன்ட்ரோலரைக் கையால் அழுத்திப் பார்த்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். சில நூறு கிலோமீட்டரில் ஷூ டிரம்மோடு படிந்துவிடும். அப்புறம் ஜாக்கி போட்டு ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை மறுபடி சரிசெய்யுங்கள். இப்போதைக்கு ஆக்ஸில் முனையை இரண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள், எந்தக் கிட் சேரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.