வீட்டுப் பலகாரம் விற்பதற்கும் அரசாங்க விதிகள் வேண்டுமா?

கேள்வி இதுதான்: வீட்டில் செய்யும் பலகாரம் பேக்கரியில் வாங்குவதைவிடச் சுத்தமானதுதானே, அதை நாலு பேருக்கு விற்பதற்கு எதற்கு டைபாய்டு ஊசி, பயிற்சி, பதிவு என்று இத்தனை விதி? சிறு வியாபாரிகளை அலைய விடுவதற்குத்தானா?

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பதினோரு வருடமாக வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கிறேன். முறுக்கு, நெய் உருண்டை, அச்சு முறுக்கு, தீபாவளி சமயத்தில் ஓமப்பொடியும் அதிரசமும், மற்ற மாதங்களில் கறிபாப், யாராவது கேட்டால் கேக். இதே கேள்வியை ஐந்து வருடத்துக்கு முன் யாராவது கேட்டிருந்தால் நானும் உங்களைப் போலத்தான் பேசியிருப்பேன். இப்போது அப்படிப் பேச மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். அம்மா விடிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய்ப் பால்மரம் வெட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவார், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பலகார வேலையைத் தொடங்கிவிடுவார். (பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், நாங்களும் டவுன் பக்கம் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம்.) பச்சைப் பயற்றை மணம் வரும்வரை வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, சீனியைத் தனியாகப் பொடித்துக் கலந்து, நெய்யைக் காய்ச்சி ஊற்றி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. முறுக்கு முழுசாக ஆறாமல் பிஸ்கட் டின்னுக்குள் போகாது. மூடியை முதல் நாளே வெயிலில் காயவைத்திருப்பார். ஈரக் கையோடு டின் பக்கம் போனால் முதுகில் ஒன்று விழும். தலையைத் துணியால் கட்டிக்கொண்டுதான் மாவில் கை வைப்பார், எங்களை மாவுக்கு மேல் நின்று பேசக்கூட விடமாட்டார். அந்த முறுக்கு ஒரு மாதம் வரை அப்படியே இருக்கும். எந்த அதிகாரியும் லயத்துக்கு வந்து அம்மாவுக்குச் சொல்லித் தரவில்லை.

அதனால் உங்கள் கேள்வியில் உள்ள நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அம்மா கற்றுக் கொடுத்தது எல்லாம் உலர்ந்த பலகாரத்துக்கான கல்வி. பண்டத்தில் கிருமிக்குக் கிடைக்கக்கூடிய ஈரம் எவ்வளவு என்பதற்கு ‘நீர்ச் செயல்பாடு’ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், வெறும் தண்ணீருக்கு அது 1. அது 0.85க்குக் கீழே இறங்கினால் நோய் தரும் பாக்டீரியா பெருகாது, 0.6க்குக் கீழே போனால் பூஞ்சைகூட வளராது. நன்றாக வெந்து ஆறிய முறுக்கு அதற்கும் கீழே. அது கெட்டுப்போனாலும் எண்ணெய் சிக்கு வாடை அடித்துத்தான் கெடும், வாயில் வைத்த உடனே தெரிந்துவிடும், துப்பிவிடுவோம். கறிபாப் உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கு மசாலாவும், கேக் மேல் இருக்கும் கிரீமும் அப்படி இல்லை, கெட்டது நாக்குக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது. முறுக்கில் நாற்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தைத் தூக்கிக்கொண்டு போய் கறிபாப்பில் வைத்ததுதான் நான் செய்த தப்பு.

எங்கள் தாமானிலேயே ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து, 120 கறிபாப் கேட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு சீவும்போது ஆள்காட்டி விரலில் கத்தி பட்டது, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். மசாலாவை இரவு ஒன்பது மணிக்கு இறக்கி, அதே வாணலியில் மூடிபோட்டு அடுப்பு மேலேயே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மடித்து, பொரித்து, சூடு போகாமல் இருக்கட்டும் என்று சுடச்சுடப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தேன். விருந்து சாயந்திரம் நான்கு மணிக்கு. இரவு எட்டு மணிக்குள் ஏழு பேருக்கு வாந்தி, அதில் இரண்டு பேர் பிள்ளைகள், ஒரு பிள்ளைக்குக் கிளினிக்கில் டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போடவில்லை, “அக்கா, அதுல என்ன போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். நல்ல சாமான்தான் போட்டேன். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மூன்று மாதம் அடுப்புப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகுதான் உணவு கையாளுபவர் பயிற்சிக்குப் போனேன், மூன்று மணி நேர வகுப்பு, மலாயில்தான் நடந்தது. பயிற்சி கொடுத்த அம்மா ஸ்டெபிலோகாக்கஸ் என்ற கிருமியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்: நம் மூக்கிலும் தோலிலும் இருக்கும், வெட்டுக்காயத்தில் நிறைய இருக்கும், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாடு மணிக்கணக்கில் கிடந்தால் அதில் பெருகி நச்சு உண்டாக்கும், பிறகு எவ்வளவு கொதிக்கும் எண்ணெயில் பொரித்தாலும் கிருமி சாகும், நச்சு சாகாது, சாப்பிட்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். என் குசினியில் அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்போலச் சொல்லிக்கொண்டே போனார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொரித்துவிட்டால் எல்லாம் செத்துப்போகும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன், என் வயதில் இருக்கும் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இப்போது மசாலாவை அகலத் தட்டில் மெலிசாகப் பரப்பி, காற்றாடிக்குக் கீழே ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறேன். விரலில் காயம் இருந்தால் அன்றைக்கு மடிப்பது என் மகள். பொரித்ததை ஆவி அடங்கும்வரை மூடுவதில்லை. பெட்டி மேல் நேரம் எழுதி, நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

பேக்கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பலகாரம் நல்லது என்று சொல்ல வருபவர்கள் உடனே கடை ரொட்டியைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்கள் டவுனில் ஒரு பழைய சீனர் பேக்கரி இருக்கிறது, சின்ன வயதில் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ரொட்டிக்காரர் தேங்காய் ரொட்டியும் காயா ரொட்டியும் அங்கிருந்துதான் எடுத்து வருவார். இப்போதும் ஈஸ்ட் வாங்க நான் அங்கேதான் போவேன். கடை முதலாளி, தவுக்கே, ஒவ்வொரு தட்டும் எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று சாக்கட்டியால் எழுதி வைக்கிறார், குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானி தொங்குகிறது, வேலையாட்களின் டைபாய்டு ஊசி அட்டைகள் சுவரில் இருக்கின்றன. கடை மூடும் நேரத்தில் மிஞ்சிய வெறும் ரொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவார், கிரீம் பன் மிஞ்சினால் குப்பைக்குப் போகும். ஒருமுறை எனக்கே வயிறு எரிந்து, கொடுங்கள் நான் எடுத்துப் போகிறேன் என்றேன். “தங்காச்சி, கிரீமுக்குப் பாவம் பார்க்கக்கூடாது” என்று மலாயில் சொல்லிவிட்டுக் கொட்டினார். பைகளில் வரும் ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பார்கள், சட்டம் அனுமதித்த ஒன்றுதான் அது, அளவும் போட்டிருக்கிறது. வீட்டில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக என் கறிபாப்பை அவருடைய ரொட்டிக்கு மேலே வைக்க அன்றைக்கு எனக்கு எந்த நியாயமும் இருக்கவில்லை.

சரி, விதிகள் என்னென்ன? அடிப்படை உணவுச் சட்டம் 1983, அதற்குக் கீழே உணவு விதிமுறைகள் 1985, உணவுச் சுகாதார விதிமுறைகள் 2009. உணவைத் தொடுகிறவர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை டைபாய்டு ஊசி போட வேண்டும், வேலை நேரத்தில் தலைமூடியும் ஏப்ரனும் வேண்டும், செய்யும் இடத்தைச் சுகாதார அமைச்சின் ஃபோசிம் இணையத்தளத்தில் பதிய வேண்டும். இடம் அசுத்தமாக இருந்தால் 14 நாள் வரை மூடச் சொல்ல அதிகாரம் இருக்கிறது. ஊசி எதற்கு என்று முதலில் எனக்கும் கோபம் வந்தது. டைபாய்டு வந்து குணமான சிலருடைய உடம்பில், பித்தப்பையில், அந்தக் கிருமி வருடக்கணக்கில் தங்கியிருக்குமாம், அவருக்கு ஒரு காய்ச்சலும் இருக்காது, கை சரியாகக் கழுவாமல் மாவு பிசைந்தால் சாப்பிடுகிறவருக்குப் போய்விடும். ஊசி அந்த நோய் நமக்கு வராமல் காக்கும், கை கழுவுவதற்கு அது பதில் ஆகாது.

பாக்கெட்டில் அடைத்து விற்றால் லேபிள். மலாயில் இருக்க வேண்டும், எடையில் எது அதிகமோ அது முதலில் வரும்படி சேர்மானங்களை எழுத வேண்டும், முட்டை, பால், கோதுமை, கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்ல வேண்டும். இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். நாங்கள் செய்யும் அச்சு முறுக்கில் முட்டை இருக்கிறது, வெறும் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் என்று நினைத்து விரத நாளில் வாங்கிப்போன ஒரு பாட்டியிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அப்புறம், மலாய்க்காரப் பக்கத்து வீட்டார் நம்பி வாங்குகிறார்கள் என்பதற்காக நாமே ஹலால் என்று அச்சடித்துவிடக் கூடாது, ஜாக்கிம் என்ற மத்திய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையோ மாநில இஸ்லாமிய மன்றமோ சான்றிதழ் கொடுத்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம்.

எனக்கு மனத்தாங்கல் இல்லை என்று சொல்லமாட்டேன். சுற்றிலும் செம்பனைக் காடு, பழக்குலை ஏற்றிய லாரி வீட்டு முன்னால்தான் போகிறது, ஆனால் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயை நான் வியாபார முறுக்குக்குத் தொடக்கூடாது, அது வீட்டுச் சமையலுக்கு மட்டும் உதவித்தொகையோடு கொடுப்பது. நியாயம் புரிகிறது, இருந்தாலும் மாதத்துக்கு நாற்பது கிலோ முறுக்கு சுடும் விதவைத் தாய்க்கும் பெரிய உணவகத்துக்கும் ஒரே எண்ணெய் விலை என்பது எனக்கு ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய குறை மொழியும் தூரமும். என்னைவிட நன்றாக நெய் உருண்டை பிடிக்கும் அக்காமார் இன்னும் தோட்டத்துக்குள் இருக்கிறார்கள், தமிழ் மட்டும்தான் வாசிப்பார்கள், பயிற்சியோ மலாயில், வேலை நாளில், பஸ் பிடித்து ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ போக வேண்டும், பதிவோ கணினியில். அவர்கள் விதியை மீறுகிறவர்கள் இல்லை, விதி அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் தமிழில் அதே மூன்று மணி நேரத்தை நடத்தினால் ஐம்பது பேர் வருவார்கள், நான் உத்தரவாதம் தருகிறேன். நகராண்மைக் கழக ஆள் ஒருவரிடம் இதைக் கேட்டிருக்கிறேன், மறுபடியும் கேட்பேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், முதலில் ஊசி, இரண்டு மூன்று கிளினிக்கில் விலை விசாரித்துவிட்டுப் போடுங்கள், அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்து பயிற்சி. பிறகு எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் வியாபாரப் பதிவு, சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. அதன் பிறகு ஃபோசிம். டின்னுக்குள் பழைய பத்திரிகையை விரிக்காதீர்கள், அச்சு மை எண்ணெயில் இறங்கும், எண்ணெய்த்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடம் முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை என்று உலர்ந்ததாகவே செய்யுங்கள். கறிபாப்புக்கும் கிரீம் கேக்குக்கும் ஆர்டர் வரும், கேட்பவர் சொந்தக்காரராகவே இருப்பார், ஐஸ் பெட்டியில் அதற்கென்று ஒரு தட்டு காலியாகும்வரை முடியாது என்று சொல்லிவிடுங்கள்.