சர்வே, ட்ரையல், டாஸ்க்: இணையத்தில் காசு வருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பச்சைத் தேயிலை விலை இறங்கியதிலிருந்து வீட்டுச் செலவுக்கு இழுபறிதான். மதியத்துக்கு மேல் ஃபோனில் சர்வே செய்கிறேன். பத்து நிமிடம் பதில் சொன்ன பிறகு ‘நீங்கள் தகுதி பெறவில்லை’ என்று வெளியே தள்ளிவிடுகிறது. இது ஏமாற்று வேலையா? – வாசகி, கோத்தகிரி

பதில்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை. ஆனால் அதன் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சர்வே எடுக்கச் சொல்லும் நிறுவனம், ‘சமீபத்தில் வாஷிங் மெஷின் வாங்கிய 25 முதல் 34 வயதுப் பெண்கள் 200 பேர் வேண்டும்’ என்பதுபோல ஆள் கேட்கும். முதலில் வரும் வயது, ஊர், வருமானக் கேள்விகள் எல்லாம் ஆள் பிரிப்பதற்குத்தான். 200 பேர் சேர்ந்துவிட்டால் 201-வது ஆளுக்கு இடமில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் வெளியே அனுப்பினால் அது வழக்கமானது. பத்து, பதினைந்து நிமிடம் கழித்தும் அடிக்கடி தள்ளுகிறது என்றால், தரச் சோதனையில் நீங்கள் மாட்டுகிறீர்கள், அல்லது அந்தச் செயலி சரியில்லை.

தரச் சோதனை என்பது இதுதான்: நீளமான பட்டியலுக்கு நடுவே ‘இந்த வரிக்கு ஓரளவு ஏற்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். படிக்காமல் ஒரே நேர்கோட்டில் தட்டிக்கொண்டே போனால் அங்கே பிடிபடும். இருபது நிமிட சர்வேயை ஐந்து நிமிடத்தில் முடித்தாலும் தள்ளிவிடும். ஒரு சர்வேயில் இரண்டு பிள்ளைகள் என்றும் அடுத்ததில் பிள்ளை இல்லை என்றும் சொன்னால் கணக்கே முடங்கலாம். எனவே சுயவிவரப் பக்கத்தை முதல் நாளே முழுதாக, உண்மையாக நிரப்பிவிடுங்கள். பொருந்தாத சர்வேக்கள் வருவது குறையும்.

இப்போது காசு. ஒரு சர்வேக்கு 60 புள்ளி, 100 புள்ளிக்கு 10 ரூபாய், 500 ரூபாய் சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சர்வே 6 ரூபாய். 500-ஐத் தொட 84 சர்வே. ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் ஏறக்குறைய 17 மணி நேரம். தள்ளிவிட்ட நேரம் இதில் சேரவில்லை. அதாவது மணிக்கு 30 ரூபாய்கூட வராது. எந்தச் செயலியிலும் இந்த மூன்று எண்களைப் பார்த்து இதே கணக்கைப் போட்டுவிட்டுச் சேருங்கள். குறைந்தபட்சத் தொகையைத் தொட்டதும் உடனே எடுத்துவிடுங்கள். புள்ளிகளுக்குக் காலாவதி உண்டு. கூகுள் ஒப்பினியன் ரிவார்ட்ஸ் நம்பகமானதுதான், ஆனால் ஆண்ட்ராய்டு ஃபோனில் அது தருவது ப்ளே ஸ்டோர் இருப்பு. வங்கிக்கு மாற்ற முடியாது, ஓராண்டில் காலாவதியாகும். மளிகைக் கடைக்காரருக்கு அதைக் கொடுக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரு ரிவார்டு செயலியில், ‘1 ரூபாய்க்கு ட்ரையல் (சோதனைச் சந்தா) எடுத்தால் 150 ரூபாய்’ என்று சலுகை வருகிறது. மாட்டிக்கொள்ளாமல் செய்வது எப்படி? – கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: அந்த 1 ரூபாயைப் பெரிதாகப் பார்க்காதீர்கள். பின் நம்பர் போடும் திரையில் அதற்குக் கீழே இருக்கும் வரிகளைப் படியுங்கள்: அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை. நீங்கள் ஒப்புதல் கொடுப்பது அதற்குத்தான். ஆட்டோபே மேண்டேட், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி என்பது அதுவே. இந்த ஒப்புதல் இருந்தால், 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகையை ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின்னோ கேட்காமல் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

செயலியை ஃபோனிலிருந்து நீக்கினால் சந்தா ரத்தாகாது. ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால், உங்கள் படத்தைத் தொட்டு ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய் ரத்து செய்யுங்கள். யுபிஐ வழியாக என்றால், அந்த யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து மேண்டேட்டையும் ரத்து செய்யுங்கள். கணக்கில் பணம் இல்லையே, என்ன எடுத்துவிடப் போகிறான் என்று விட்டுவைக்காதீர்கள், மறுபடி முயல்வார்கள்.

எப்போது ரத்து செய்வது என்பதில் கவனம் வேண்டும். சில சலுகைகளில் ட்ரையலை உடனே ரத்து செய்தால் 150 ரூபாய் வராது. நிபந்தனையைப் படித்து, முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே ரத்து செய்யும்படி ஃபோனில் அலாரம் வையுங்கள். கடைசி இரவுக்குத் தள்ளாதீர்கள். மழைக்காலத்தில் கரண்ட்டும் டவரும் ஒன்றாகப் போகும் ஊர் உங்களுடையது. ரிவார்டு பதிவாகாமல் போவதற்கும் வழக்கமான காரணங்கள் உண்டு: அந்தச் செயலி முன்பே உங்கள் ஃபோனில் இருந்தது, விபிஎன் (இருப்பிடத்தை மறைக்கும் செயலி) அல்லது விளம்பரத் தடுப்பான் ஓடியது, சலுகை இணைப்பை விட்டு நேராக ப்ளே ஸ்டோர் போய் இறக்கியது. தொடங்கும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் புகார் செய்ய உதவும்.

ரத்து செய்யும் பொத்தானையே ஒளித்து வைத்திருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பு. 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல், சந்தா வலையையும் ‘டார்க் பேட்டர்ன்’ (வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை வடிவமைப்பு) பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கடன் செயலி, கிரெடிட் கார்டு விண்ணப்பம் என்று வரும் சலுகைகளைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் ஏறும்.

கேள்வி: டெலிகிராமில் ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போடும் வேலை. முதலில் 150, பிறகு 300 ரூபாய் வந்தது. அடுத்து ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ (முன்பணம் கட்டிச் செய்யும் வேலை) என்று 28,000 வரை கட்டிவிட்டேன். திரையில் 41,000 இருப்பு காட்டுகிறது. எடுக்க வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? – வாசகர், கூடலூர்

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். திரையில் தெரியும் 41,000 வெறும் எண். அவர்களே தட்டச்சு செய்தது. முதலில் வந்த 450 ரூபாய் தூண்டில் புழு. குழுவில் ‘எனக்கு வந்துவிட்டது’ என்று ஸ்க்ரீன்ஷாட் போடுகிறவர்களும் அவர்கள் ஆட்களே. வருமான வரியை இப்படி யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்கு யாரும் கட்டுவதில்லை.

இதைப் படித்த கையோடு சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க அதுதான் வழி. நேரம் போகப் போக வாய்ப்பு குறையும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள 12 இலக்க யுடிஆர் எண் (பரிவர்த்தனை அடையாள எண்), தேதி, தொகை, எதிராளியின் யுபிஐ ஐடி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். டெலிகிராம் உரையாடலை அழித்துவிடாதீர்கள், குழுவிலிருந்து வெளியேறும் முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். 2023 டிசம்பரில் இதுபோன்ற பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேல் முடக்கப்பட்டன. அவ்வளவு பேர் சிக்கியிருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உங்களுக்கு வந்த 450 ரூபாய் இன்னொருவர் இழந்த பணமாக இருக்கலாம். அதனால் உங்கள் கணக்கே முடக்கப்பட்டால் பயப்படாமல் புகார் எண்ணோடு வங்கிக்குப் போங்கள். அடுத்து, ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது வருவார்கள். அதுவும் மோசடியே.

கேள்வி: என் வங்கிக் கணக்கை மாதம் 5,000 ரூபாய் வாடகைக்குக் கேட்கிறார்கள். – வாசகர், குன்னூர்

பதில்: கொடுக்காதீர்கள். மேலே கூடலூர் வாசகர் கட்டியது போன்ற பணம் போய் விழுவது இப்படி வாடகைக்கு விட்ட கணக்குகளில்தான். போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. ஏடிஎம் கார்டையோ சிம்மையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், இன்றே வங்கிக் கிளைக்குப் போய் கணக்கை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 643-ல் தொடங்கும் பின்கோடு போட்டால் சர்வே குறைவாக வருகிறது. சென்னை முகவரி கொடுக்கலாமா? – வாசகி, ஊட்டி

பதில்: வேண்டாம். நகரத்து ஆட்களைத்தான் நிறுவனங்கள் அதிகம் தேடுகின்றன, அதனால் உங்களுக்குக் குறைவது உண்மை. ஆனால் ஊர் பொய் என்று தெரிந்தால், சேர்த்த புள்ளிகளை எடுக்கும் நேரத்தில் கணக்கை மூடிவிடுவார்கள். ஒரே செயலியை நம்பாமல் இரண்டு மூன்றில் சேருங்கள். அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். சேரும்போதே ஆதார் படம், வங்கிக் கடவுச்சொல், பதிவுக் கட்டணம் கேட்கும் எதையும் அங்கேயே மூடிவிடுங்கள்.