வெள்ளி பெயின்ட் வேறு, எவர்சில்வர் வேறு

கேள்வி: பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் வரும் டெலோரியன் காரின் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி, நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவில் செய்கிறேன். கார் பெயின்ட் கடை சில்வரில் தின்னர் கலந்து அடித்தேன். கதவு பொரிந்துவிட்டது. பானெட்டில் பஞ்சு ஒட்டிக்கொண்டது. கலரும் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. புதுசு வாங்குவதா, சரிசெய்யலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: புதுசு வேண்டாம் தம்பி. கதவைப் பொரித்தது அந்தத் தின்னர்தான். இரும்புத் தகட்டுக்கு அது ஒன்றும் செய்யாது, கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நானும் ஒரு கதவை இப்படி வெல்லப்பாகு ஆக்கியவன்தான். 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, 1000-இல் முடியுங்கள். கதவு இடுக்குக் கோடுகள் மழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழி இருந்தால் மாடல் புட்டி. அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவைத்து, மாடலுக்கென்று விற்கும் பிரைமரை மெல்லிசாக அடியுங்கள்.

கலர் விஷயத்துக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் வட அயர்லாந்தில் செய்த அந்த வண்டி, பெயின்டே இல்லாமல் வெறும் எவர்சில்வர் உடம்போடுதான் வெளியே வந்தது. பெயின்ட் அடிக்காத வண்டிக்கு நாம் பெயின்ட் அடிக்கிறோம், அதுதான் வேடிக்கை. அதனால் டப்பா மூடியின் கலரை நம்பாதீர்கள். வீட்டில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்புப் போன எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் படும் பக்கம் வெளுத்திருக்கும், திருப்பினால் கிட்டத்தட்டக் கறுப்பு. அந்தக் கறுப்பு வேண்டுமென்றால் அடியில் பளபளக்கும் கறுப்பு பெயின்ட் வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே ஸ்டீல் கலர் மெட்டாலிக், மூன்று மெல்லிய பூச்சு. இரண்டு நாள் விட்டு 2000 நம்பர் பேப்பரால் முன்னிருந்து பின்னாக, ஒரே திசையில், தொட்டும் தொடாமலும் இழுங்கள். கோடு கண்ணில் பளிச்சென்று பட்டால் அதிகமாகிவிட்டது என்று பொருள்: நிஜ வண்டியில் அது 24 மடங்கு தடிமன்! கடைசியில் வார்னிஷ் போட வேண்டாம், உலோகக் களை போய்விடும்.

பஞ்சுக்கு என்ன செய்வது? உங்கள் ஊரில் அது காற்றோடு கலந்த சமாச்சாரம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கம்பெனிச் சட்டையோடு பெயின்ட் அடிக்க உட்காராதீர்கள். விடிகாலையில், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, மாஸ்க் போட்டு அடியுங்கள். அடித்த கையோடு அன்னக்கூடையைக் கவிழ்த்து மூடுங்கள். விளிம்புக்கு அடியில் இரண்டு தீப்பெட்டி வைத்தால் ஆவி வெளியேறும். ஐப்பசி மழையில் மட்டும் அடிக்காதீர்கள், ஈரத்தில் லாக்கர் வகை பெயின்ட் வெளுத்துப் பூக்கும்.

படத்து வண்டியின் வெளிப்புறம் ஓடும் கேபிள்களுக்குக் கடையில் தேட வேண்டாம், கம்பெனி வேஸ்ட் நூலே போதும். ஒரு மில்லிமீட்டர் நூல் நிஜத்தில் 24 மில்லிமீட்டர் குழாய், கணக்கு சரியாக வரும். ஒட்டுவதற்கு முன் நூலை மெழுகில் இரண்டு இழு இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பஞ்சு அங்கேயும் வந்து நிற்கும்.