மோசமான விளையாட்டும் ஓடத்தான் வேண்டும்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தேன். 1980களின் வீட்டுக் கணினி ஒன்றுக்கு, கற்பனைக்கு எட்டியவரை மிக மோசமான வீடியோ கேம் ஒன்றை யோசித்து வரவேண்டும். வந்தவை எல்லாம் ஒரே மாதிரி: "தொடங்கியதும் கணினி நின்றுவிடும்", "எந்தப் பொத்தானும் வேலை செய்யாது", "திரை கறுப்பாகவே இருக்கும்." இவற்றுக்கு எப்படிப் புள்ளி போடுவது? எந்தக் கணினியை எடுத்துக்கொண்டால் நல்லது? யோசிப்பதோடு நிற்காமல் எழுதியும் பார்க்கச் சொல்லலாமா? எங்களிடம் இருப்பவை பழைய மேசைக் கணினிகள்தான்.

பதில்: ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் பிள்ளைகள் எழுதித் தந்திருப்பது மோசமான விளையாட்டு அல்ல, பழுது. பழுதைக் கற்பனை செய்ய மண்டையை உடைக்கத் தேவையில்லை. அதனால்தான் எல்லாத் தாளிலும் அதுவே வந்திருக்கிறது. போட்டியைத் திரும்ப வையுங்கள், இந்த விதியையும் சேர்த்து: விளையாட்டு தொடங்கவேண்டும், ஓடவேண்டும், முடியவேண்டும், தலைப்பில் சொன்னதைச் செய்யவேண்டும். இவ்வளவும் ஒழுங்காக நடந்த பிறகு விளையாடியவர், "இதற்கா இவ்வளவு நேரம் குந்தியிருந்தேன்?" என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்க வைப்பது லேசான வேலை இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மோசம் அந்தக் கணினிக்குள்ளிருந்தே வரவேண்டும். சலிப்பான விளையாட்டை இன்றைய கைபேசியிலும் எழுதலாம். பழைய கணினியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பலன் வேண்டாமா?

கணினி என்றால் ஸெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தைத்தான் சொல்வேன். கிளைவ் சின்க்ளேயரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் பிரித்தானியாவில் வெளியிட்டது. இங்கே ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 48 கிலோபைட் நினைவகம், 3.5 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஸெட்80 செயலி, 40 இறப்பர் விசைகள். வீட்டுத் தொலைக்காட்சிதான் திரை, கசட் ரெக்கோடர்தான் சேமிப்பு. திரையில் அகலத்துக்கு 256 புள்ளி, உயரத்துக்கு 192 புள்ளி. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்க முடியாது. எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறங்களுக்கு மட்டுமே இடம். சிவப்புச் சேலை கட்டிய ஒருத்தி பச்சைத் தேயிலைச் செடிக்கு முன்னால் நகர்ந்தால், அவள் நிற்கும் கட்டத்திலுள்ள செடியும் சிவந்துபோகும். நல்ல நிரலாளர்கள் இதை மறைக்கப் படாத பாடு பட்டார்கள். உங்கள் பிள்ளைகள் மறைக்கத் தேவையில்லை.

கொமடோர் 64உம் அதே ஆண்டுக் கணினிதான். ஒலியிலும் அசையும் உருவங்களிலும் ஸ்பெக்ட்ரத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதனுடைய பேசிக் என்ற நிரல்மொழியில் படம் வரையவோ ஒலி எழுப்பவோ கட்டளையே இல்லை, ஒவ்வொன்றுக்கும் நினைவக முகவரியில் எண் எண்ணாகப் போடவேண்டும். பத்தாம் தரத்துக்கு அது வேண்டாம். ஸ்பெக்ட்ரத்தின் பேசிக்கில் வட்டம் வரைய ஒரு சொல், ஒலிக்கு ஒரு சொல், காத்திருக்க ஒரு சொல் என்று எல்லாம் இருக்கிறது.

மோசத்தில் எனக்குத் தெரிந்த உச்சம் 'டெசர்ட் பஸ்'. பென், டெல்லர் என்ற அமெரிக்க மாயவித்தைக்காரர் இருவருக்காக, சேகா சீடி என்ற விளையாட்டுக் கருவிக்குச் செய்த தொகுப்பில் இருந்தது. 1995இல் வெளிவரவேண்டிய அந்தத் தொகுப்பு கடைசிவரை கடைக்கு வரவில்லை. டூசானிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஒரு பஸ்ஸை ஓட்டவேண்டும். நேரான பாலைவனச் சாலை, உண்மைக் கணக்கில் எட்டு மணித்தியாலம். இடையில் நிறுத்திவைக்க வழியில்லை. பஸ் எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும், ஆகவே கையை எடுக்கவும் முடியாது. போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று. கவனித்துப் பார்த்தால் அதில் எதுவும் பழுதில்லை. சொன்னதை எல்லாம் அது செய்கிறது.

இதைப் பார்த்த பிள்ளை உடனே "ஹட்டன் பஸ்" என்று எழுதிக்கொண்டு வரும். விடாதீர்கள். நம் பாதையில் வளைவுக்கு வளைவு எதிரே லொறி வரும், பனிமூட்டம் இறங்கும், ரம்பொடைப் பக்கம் போனால் கொண்டை ஊசி வளைவுகள். அது நல்ல விளையாட்டாகப் போய்விடும்.

ரயிலாக இருந்தால் ஓம். கொழும்பிலிருந்து பதுளைக்குச் சுமார் 290 கிலோமீற்றர், போய்ச்சேர ஏறக்குறைய பத்து மணித்தியாலம். ஓட்டுநர் இருக்கையில் உங்களை அமர்த்தி, இடப்பக்கம் திருப்ப ஒரு விசை, வலப்பக்கம் திருப்ப ஒரு விசை என்று திரையில் அறிவித்துவிடவேண்டும். இரண்டையும் அழுத்தலாம். ஒன்றும் நடக்காது. தண்டவாளத்தில் போகும் வண்டிக்கு என்ன திருப்பம்? வழியில் 40க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் வருகின்றன. சுரங்கத்துக்குள் திரையைக் கறுப்பாக்கினால் போதும், படம் வரையும் வேலையே இல்லை. தெமோதரையில் பாதை சுற்றிவந்து தனக்குக் கீழேயே நுழைந்து போகிறது, நிலையம் அதற்கு மேலே. உலகமே பார்க்க வரும் இடம். நம் விளையாட்டில் அங்கேயும் வழக்கமான அதே இரண்டு கோடுகள்தான்.

இந்த யோசனைக்கு நான் கூடுதல் புள்ளி போடுவதற்குக் காரணம் நேரக் கணக்கு. ஸ்பெக்ட்ரம் தன் நினைவகத்தில் 23672, 23673, 23674 ஆகிய மூன்று முகவரிகளில் ஒரு எண்ணியை வைத்திருக்கிறது. மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் உள்ள நாடுகளின் தொலைக்காட்சிக்கு ஏற்ப, அது செக்கனுக்கு 50 தடவை கூடும். மூன்று பைட்டும் நிரம்ப மூன்று நாளுக்கு மேல் எடுக்கும் என்பதால் பத்து மணித்தியாலத்தை அது தாராளமாக எண்ணும். ஆனால் 'பீப்' கட்டளை ஒலிக்கும்போது செயலி வேறு எதையும் கவனிக்காது, இந்த எண்ணியும் அந்த நேரம் நின்றுவிடும். ஆகவே ரயில் ஒரு செக்கன் கூவினால் விளையாட்டின் மணிக்கூடு ஒரு செக்கன் பிந்தும். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கூவு, ஒவ்வொரு கடவைக்கும் கூவு, தண்டவாளத்தில் நிற்கும் மாட்டுக்கும் கூவு. யாரும் தாமதம் என்று ஒரு வரி எழுதாமலே ரயில் தாமதமாகிவிடும். கணினிக்குள்ளிருந்தே மோசம் வரவேண்டும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

நிச்சயம் யாராவது கொழுந்து பறிக்கும் விளையாட்டு ஒன்றும் கொண்டுவருவார்கள். ஒரு விசையை அழுத்தினால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கூடையில் விழும். மறுபடி அழுத்தவேண்டும். நிரை முடிந்தால் அடுத்த நிரை, அதுவும் இதே மாதிரி. இந்த யோசனையை வரவேற்கலாம், ஆனால் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். அட்டை கடிக்கும்போது பறிப்பவள் துள்ளுவதைக் காட்டிச் சிரிக்க வைத்தால் அதற்குப் புள்ளி கிடையாது. உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் அந்த மலையில்தான் நிற்பார்கள். சிரிப்பு தராசில் இருக்கவேண்டும். பேசிக்கில் 'இன்ட்' என்றொரு சார்பு உண்டு. பின்னத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் தரும், 18.9 கொடுத்தால் 18 வரும். நிறுவையில் தண்ணிக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, ஒவ்வொரு கழிவுக்குப் பிறகும் ஒரு 'இன்ட்'. பறித்ததற்கும் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, விழுவதற்கும் இடையில் கிலோக்கள் எங்கே போயின என்று திரையில் எங்கும் விளக்கம் இருக்காது. கடைசியில் "அரைப் பேர்" என்று மட்டும் வரும். இது சலிப்பான விளையாட்டா, இல்லை கசப்பான நல்ல விளையாட்டா என்று நடுவர்களுக்குள் சண்டை வரலாம். வரட்டும்.

சிறிய யோசனைகளும் உண்டு. நானுஓயா நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருப்பது. 'போஸ்' என்ற கட்டளைக்கு அதிகபட்ச எண் 65535, அதாவது கிட்டத்தட்ட 22 நிமிடம். ஆனால் இடையில் எந்த விசையைத் தொட்டாலும் காத்திருப்பு கலைந்துவிடும். தொட்டவரை முதலிலிருந்து காத்திருக்க வையுங்கள். சிவனொளிபாதமலை ஏறுவது. 5,000க்கும் மேற்பட்ட படிகள், படிக்கு ஒரு விசை, உச்சிக்குப் போனால் மூடுபனி. லொத்தர்ச் சீட்டு விளையாட்டு என்றால், தற்செயல் எண் தரும் பகுதியை ஒவ்வொரு முறையும் 'ராண்டமைஸ் 1' என்று தொடங்கச் சொன்னால் போதும். எப்போதும் அதே எண்கள் அதே வரிசையில் வரும். ஆக, ஒரு தடவை தோற்றவர் என்றைக்கும் தோற்பார்.

தமிழில் எழுத ஆசைப்படும் பிள்ளைக்குத் தனி மோசம் காத்திருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தில் நாமாக வடிவமைக்கக்கூடிய எழுத்துகள் 21 மட்டுமே, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. "தோட்டம்" என்று எழுத ஆறு வடிவங்கள் போகும். "கொழுந்து" சேர்த்தால், கால் மட்டும் இரண்டுக்கும் பொது, மொத்தம் பதினொன்று. இரண்டே சொல்லில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மீதிப் பத்தைக் கொண்டு எந்தெந்தச் சொற்களை எழுதலாம் என்று யோசிப்பதே நல்ல வகுப்புப் பயிற்சி. ழுவையும் ணையையும் எட்டுப் புள்ளிக்குள் அடக்க முயன்று பார்க்கட்டும்.

வெல்லவே முடியாத விளையாட்டுகளுக்குக் குறைந்த புள்ளி போடுங்கள். உதாரணமாக 'இன்கீ' என்ற சார்பு, இரண்டு எழுத்து விசைகளை ஒன்றாக அழுத்தினால் வெறுமையைத்தான் தரும். ஆகவே "இரண்டு கையாலும் ஒன்றாகப் பறி" என்று கேட்டு, அந்தச் சார்பைக் கொண்டே சோதித்தால் ஒரு கொழுந்தும் கூடைக்கு வராது. கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விளையாடுபவர் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். வெல்ல முடியும், வென்றும் பயனில்லை என்பது அவரைக் கடைசிவரை உட்கார வைக்கும். இந்த இரண்டாவது வகைக்கே பரிசு.

தாளோடு ஒரு கசட் அட்டையும் வரையச் சொல்லுங்கள், அதற்கும் புள்ளி உண்டு என்று சொல்லி. அந்தக் காலத்தில் அட்டைப்படத்தில் பறவைநாகம் நெருப்பு கக்கும், கசட்டை ஏற்றினால் திரையில் ஓர் எழுத்து நகரும். 1983இல் கேஸ்கேட் என்ற பிரித்தானிய நிறுவனம் 'கசட் 50' என்று ஒரே நாடாவில் 50 விளையாட்டு விற்றது, கணிப்பானுள்ள கைக்கடிகாரம் ஒன்றை இலவசமாகக் காட்டி. பெரும்பாலானவை பேசிக்கில் அவசரமாக எழுதியவை. அதன் பெயர் அவ்வளவு கெட்டுப்போனதால், ஸ்பெக்ட்ரம் பிரியர்கள் 1996 முதல் வேண்டுமென்றே மோசமான விளையாட்டு எழுதும் போட்டி நடத்தி அதை நினைவுகூர்கிறார்கள். ஆகவே உங்கள் போட்டி விசித்திரமானது என்று அதிபர் சொன்னால் கவலைப்படாதீர்கள். அட்டைக்கும் விளையாட்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு புள்ளி.

எழுதியும் பார்க்கலாம், கட்டாயம். முதலில் பாய்ச்சற் கோட்டுப் படம் வரையட்டும். யோசனை விளையாட்டா பழுதா என்பது அங்கேயே தெரிந்துவிடும், முடிவுக்கட்டத்துக்கு அம்புக்குறி போகாத படம் பழுது. பிறகு 'ஃபியூஸ்' என்ற இலவச எமுலேட்டரை, அதாவது இன்றைய கணினியை ஸ்பெக்ட்ரம் போல நடக்க வைக்கும் மென்பொருளை, போடுங்கள். உங்களிடமுள்ள பழைய மேசைக் கணினிகளுக்கு அது ஒரு பாரமே இல்லை. அதில் 48 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள், ஏனென்றால் ஒரு விசைக்கு ஒரு முழுக் கட்டளை வந்து விழும். 128 வகையில் எழுத்தெழுத்தாகத் தட்டலாம். நாமாக வடிவமைக்கும் எழுத்துகள் மட்டும் அங்கே 19ஆகக் குறையும். உடனடியாக ஏற்றும் வசதியை அணைத்துவைத்தால் கசட் ஏறும் ஓசையும் காத்திருப்பும் அப்படியே கிடைக்கும். தொடக்கப் படம் ஒன்று மட்டும் வர அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும், 48 கிலோபைட்டை நிரப்பும் விளையாட்டென்றால் நாலைந்து நிமிடம். அவ்வளவும் ஏறி ஐந்து செக்கனில் முடியும் ஒரு விளையாட்டை யாராவது எழுதினால் நல்ல புள்ளி போடுங்கள்.

பதுளை ரயிலைப் பார்க்க நீங்கள் பத்து மணித்தியாலம் குந்தியிருக்கத் தேவையில்லை. நிரலை நிறுத்தி, 23672இலும் 23673இலும் பூச்சியத்தையும் 23674இல் 27ஐயும் 'போக்' கட்டளையால் போட்டுவிட்டு, 'ரன்' அல்லாமல் 'கன்டினியூ' கொடுங்கள். 'ரன்' கொடுத்தால் ரயில் கொழும்புக் கோட்டையிலிருந்து மறுபடி புறப்படும். சரியாகச் செய்தால் மணிக்கூடு ஒன்பது மணி ஐம்பது நிமிடத்துக்குத் தாவும், பதுளைக்கு இன்னும் பத்து நிமிடம். வழியில் கூவாமல் இருந்தால்.