ஒரு கட்டைவிரல் கூடுதல்

வணக்கம். பழங்குடிக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வினாக்களில் ஆப்பிளை எடுத்துவிட்டு, அவர்கள் பொறுக்கும் காட்டுப்பழங்களைப் போட்டேன். பெயர்களையும் மாற்றினேன். பெரிய வித்தியாசம் இல்லை. வேறு என்ன செய்யலாம்? செய்தால் பாடத்தை முடிக்க நேரம் இருக்குமா?

— ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழத்தின் பெயர் மாறினாலும் கணக்கு பழைய கணக்குதான். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எதை அளந்து, எண்ணி, வளைத்துச் செய்கிறார்களோ, அந்த வேலையிலிருந்தே பாடத்தை எடுங்கள்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மிக்மாக் பழங்குடி மக்கள் பிர்ச் மரப்பட்டையில் முள்ளம்பன்றி முட்களைச் செருகிப் பெட்டி செய்வார்கள். வட்டப் பெட்டியின் வளையத்துக்கு எவ்வளவு நீளம் வெட்டுவது? குறுக்களவைப் போல மூன்று மடங்கு, அதோடு ஒரு கட்டைவிரல் அகலம். பெட்டி செய்யும் மூத்த பெண்மணி ஒருவர் சொன்ன கணக்கு இது.

இதை வகுப்பில் செய்து பாருங்கள். 10, 18, 30 செ.மீ. விட்டத்தில் மூன்று அட்டை வட்டங்கள் போதும். கட்டைவிரல் 2.5 செ.மீ. என்று வைத்து, அந்த விதிப்படி காகிதக் கீற்று வெட்டிச் சுற்றச் சொல்லுங்கள். சின்ன வட்டத்தில் கீற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மிஞ்சும். 18-இல் கச்சிதமாக உட்காரும். பெரியதில் ஒன்றே முக்கால் குறையும். ஏன் என்று அவர்களே வாதாடட்டும். விட்டம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் மூன்று மடங்குக்கு மேல் 0.14 செ.மீ. தேவைப்படுகிறது, கட்டைவிரலோ வளர்வதில்லை. தங்கள் விரலை அளந்தால் பொருந்தும் வட்டமும் மாறும்: 1.5 செ.மீ. விரலுக்கு அது 10.6 செ.மீ.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே "இது π-யின் தோராயம்" என்று சொல்லிவிடுவார்கள். பாட்டிக்கு அரைகுறையாகத் தெரிந்தது புத்தகத்தில் முழுதாக இருக்கிறது என்றுதான் பிள்ளையின் காதில் விழும். பாட்டி செய்யும் பெட்டியின் அளவுக்கு அந்த விதி சரியாக வேலை செய்கிறதா என்பதே முதல் கேள்வி. π கடைசியில் வரட்டும், அவர்கள் கண்டுபிடித்ததற்கு ஒரு பெயராக.

எண்ணும் முறையிலும் இதே கவனம் வேண்டும். அலாஸ்காவின் இனுபியாக் மொழியில் எண்கள் இருபது இருபதாகவும், அதற்குள் ஐந்து ஐந்தாகவும் போகின்றன. பத்து இலக்கங்கள் அதற்குப் போதவில்லை. 1994-இல் காக்டோவிக் ஊரின் நடுநிலைப்பள்ளி மாணவர்கள் முதலில் கூடுதலாகப் பத்துக் குறிகள் சேர்த்தார்கள், நினைவில் நிற்கவில்லை. பிறகு ஒன்றுக்கு ஒரு செங்குத்துக் கோடு, ஐந்துக்கு மேலே ஒரு படுக்கைக் கோடு என்று புதிதாகவே எழுதினார்கள். 13 என்றால் மேலே இரண்டு, கீழே மூன்று. அதில் 7-ஐக் கழிக்க மேலே ஒன்றையும் கீழே இரண்டையும் எடுத்தால், மேலே ஒன்று, கீழே ஒன்று: 6. விடை கண்ணுக்கே தெரிகிறது. 2022-இல் இந்த எண்குறிகள், கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுத் தரமான யூனிகோடிலும் சேர்ந்தன.

உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெரியவர்களிடம் கேளுங்கள், வகுப்புக்கு வரக்கூடாத வடிவங்களும் இருக்கலாம். சம்மதித்தால் அவர்களையே வந்து செய்து காட்டச் சொல்லுங்கள், அவர்கள் மொழியிலேயே.

நேரத்தைக் கேட்டீர்கள். பெட்டிப் பாடத்துக்கு இரண்டு பீரியட் போதும். சுற்றளவு, விகிதம், தசமப் பெருக்கல் மூன்றும் அதிலேயே வந்துவிடும். அவற்றைத் தனியாக எடுக்க வேண்டியதில்லை.