உலகம் மந்தநிலையிலிருந்து மீளும்போது வெளிநாட்டுப் பங்குகள்: கேட்டவையும் பதில்களும்

பெரும்பாலான கேள்விகள் இந்தியாவில் வசித்து, ரூபாயில் சம்பாதித்து, அமெரிக்கப் பங்குகளையோ உலகக் குறியீட்டு ஃபண்டுகளையோ வாங்க நினைப்பவர்களிடமிருந்து வந்தவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மந்தநிலை முடிந்தது என்று அதிகாரபூர்வமாகச் சொன்ன பிறகு வாங்கினால் பாதுகாப்புதானே சார்?

அந்த அறிவிப்புக்குக் காத்திருந்தால் பந்தி முடிந்த பிறகுதான் போய் உட்கார வேண்டியிருக்கும். அமெரிக்காவில் மந்தநிலையின் தொடக்கத்தையும் முடிவையும் தேதி குறிப்பது என்பிஇஆர் என்ற ஆய்வு அமைப்பு. 2009 ஜூனிலேயே மந்தநிலை முடிந்துவிட்டது என்று அது சொன்னது 2010 செப்டம்பர் 20 அன்று. எஸ்&பி 500 குறியீடு (அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலை அளவுகோல்) நாள் முடிவில் 676 என்ற அடிமட்டத்தைத் தொட்டது 2009 மார்ச் 9 அன்று. அறிவிப்பு வந்த நாளில் அது 1,140-ஐத் தாண்டியிருந்தது. கிட்டத்தட்ட 70% ஏற்றம் ஏற்கனவே முடிந்துபோன கதை.

கொரோனா காலத்திலும் இதேதான். அடிமட்டம் 2020 மார்ச் 23 அன்று 2,237. மந்தநிலை 2020 ஏப்ரலிலேயே முடிந்தது என்ற அறிவிப்பு 2021 ஜூலை 19 அன்று வந்தபோது குறியீடு 4,250-க்கு மேல். சந்தை ஏறத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அமெரிக்க வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. செய்தி மோசமாக இருக்கும்போதே விலை திரும்பிவிடும். அடுத்த ஆறு மாதம், ஒரு வருடத்து லாபத்தைத்தான் சந்தை இன்றைய விலையில் வைக்கிறது.

அதற்காக அடிமட்டத்தைக் கண்டுபிடிக்கப் புறப்பட வேண்டாம். ஒதுக்கிய தொகையை 4 தவணையாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள். மாதாமாதம் ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் வங்கிக் கட்டணம். கீழே வருகிறது.

கேள்வி: டாலர் எப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பங்கு லாபம், ரூபாய் சரிவு என இரட்டை லாபம் என்கிறார்கள். சரியா?

பத்து, இருபது வருடக் கணக்கில் ரூபாய் தேய்ந்திருக்கிறது, உண்மை. ஆனால் மீட்சிக் காலத்தில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். இந்தப் பகுதியில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பீதி வந்தால் உலகப் பணம் டாலருக்கு ஓடும், ரூபாய் சரியும். பீதி தணிந்தால் அதே பணம் இந்தியா போன்ற சந்தைகளுக்குத் திரும்பும், ரூபாய் வலுக்கும். 2009 மார்ச் 31 அன்று எஸ்&பி 500 சுமார் 798, டாலர் 50.95 ரூபாய். சரியாக ஒரு வருடம் கழித்து குறியீடு 1,169, டாலர் 45.14 ரூபாய். டாலரில் 46% லாபம். ரூபாயில் கணக்குப் போட்டால் சுமார் 30% மட்டுமே. மீதியை ரூபாயின் ஏற்றம் தின்றுவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2008 காலண்டர் ஆண்டில் எஸ்&பி 500 சுமார் 38% விழுந்தது. ஆனால் அந்த ஆண்டில் டாலர் 39.4 ரூபாயிலிருந்து 48.5-க்குப் போனதால், ரூபாய் முதலீட்டாளரின் நஷ்டம் சுமார் 24 சதவீதத்தோடு நின்றது. அதாவது நாணயம் விழும்போது மெத்தை, எழும்போது பிரேக். இரட்டை லாபத்துக்காக வெளிநாட்டுப் பங்கு வாங்காதீர்கள். இந்தியாவில் அடி விழும் காலத்தில் முதலீட்டின் ஒரு பகுதி வேறு நாணயத்தில் இருக்கட்டும் என்பதற்காக வாங்குங்கள். அந்த நோக்கத்துக்கு மொத்தப் பங்கு முதலீட்டில் 10 முதல் 20% போதும் என்பது என் கருத்து.

கேள்வி: மீட்சி வந்தால் வளரும் நாட்டுச் சந்தைகள்தான் அதிகம் ஏறும் என்று படித்தேன். அமெரிக்காவுக்குப் பதில் அதை வாங்கலாமா?

2009-ல் அப்படித்தான் ஆனது: பல வளரும் நாட்டுப் பங்குகளைச் சேர்த்துக் கணக்கிடும் எம்எஸ்சிஐ வளரும் சந்தைக் குறியீடு டாலரில் 75 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எஸ்&பி 500 டிவிடெண்டையும் (நிறுவனம் பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) சேர்த்தே 26% சொச்சம்தான்.

அடுத்த மீட்சியில் கதை மாறியது. 2021-ல் சீனப் பொருளாதாரம் 8% வளர்ந்தது. அதே ஆண்டில் எம்எஸ்சிஐ சீனக் குறியீடு 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இணைய நிறுவனங்கள், தனிப்பயிற்சி நிறுவனங்கள் மீது அரசு கட்டுப்பாடு விதித்ததும், எவர்கிராண்டே என்ற வீடு கட்டும் நிறுவனத்தின் கடன் சிக்கலும் காரணம். நாட்டின் வளர்ச்சி வேறு, அந்த நாட்டுப் பங்குதாரரின் வருமானம் வேறு. என்ன விலை கொடுத்து வாங்கினீர்கள் என்பதும் முக்கியம்: ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட 38,915-ஐ மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். இடையில் ஜப்பான் எத்தனையோ முறை மந்தநிலையிலிருந்து மீண்டிருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் இந்தியர், கையில் இருப்பதெல்லாம் ஏற்கனவே வளரும் சந்தைதான். அந்தக் குறியீட்டிலும் இந்தியா பெரிய பங்கு வகிக்கிறது. இந்தியாவைச் சுற்றுவழியில் மறுபடி வாங்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

கேள்வி: வங்கி, இரும்பு, வாகனம் மாதிரி பொருளாதாரத்தோடு ஏறி இறங்கும் சுழற்சிப் பங்குகளில் பி/இ (பங்கு விலை, ஒரு பங்கின் ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். சரியான முறையா?

இந்தத் துறைகளுக்கு மட்டும் பி/இ தலைகீழாகப் பேசும். மந்தநிலையின் அடியில் லாபம் நொறுங்கிவிடுவதால் பி/இ பயங்கரமாக உயர்ந்து தெரியும். 2009 மே வாக்கில் முழு எஸ்&பி 500-க்கே முந்தைய 12 மாத லாபத்தை வைத்துப் பார்த்த பி/இ 100-ஐத் தாண்டியது. ஆனால் அது நல்ல வாங்கும் நேரம். உச்சத்தில் லாபம் கொட்டும்போது பி/இ 5, 6 என்று மலிவாகத் தெரியும்; அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கடந்த 7 முதல் 10 ஆண்டுச் சராசரி லாபத்தோடு விலையை ஒப்பிடுங்கள். வங்கி என்றால் புத்தக மதிப்பை (சொத்தில் கடனைக் கழித்த மீதி) பாருங்கள். கடன் அதிகமுள்ள நிறுவனம் மீட்சி வரும்வரை உயிரோடு இருக்குமா என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள்.

கேள்வி: பணம் அனுப்புவது எப்படி? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். படிப்பு, பயணம், முதலீடு எல்லாம் இந்த ஒரே வரம்புக்குள் வரும். முதலில் வெளிநாட்டுப் பங்குக் கணக்கு திறக்க வேண்டும். பான், முகவரிச் சான்று, கூடவே டபிள்யூ-8பென் படிவம். அமெரிக்கர் அல்ல என்று உறுதி சொல்லும் இந்தப் படிவம்தான் டிவிடெண்ட் பிடித்தத்தை இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 25 சதவீதத்தில் நிறுத்துகிறது. பொதுவாகக் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது காலண்டர் ஆண்டு இறுதிவரைதான் செல்லும். புதுப்பிக்க மறந்தால் 30% பிடிப்பார்கள்.

பிறகு உங்கள் வங்கியில் ஏ2 படிவம் நிரப்பி, பங்கு முதலீட்டுக்கான எஸ்0001 என்ற நோக்கக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். பயனாளி விவரத்தில் தரகரின் வங்கிக் கணக்கோடு உங்கள் தரகுக் கணக்கு எண்ணையும் குறிப்பு இடத்தில் சரியாக எழுதுங்கள். அது விடுபட்டால் பணம் யாருடையது என்று தெரியாமல் அங்கே தங்கும், அல்லது கட்டணம் கழித்துத் திரும்பி வரும்.

செலவு மறைந்திருப்பது மாற்று விகிதத்தில். சந்தை விகிதம் 85 ரூபாயாக இருக்கும்போது வங்கி 86.20 போட்டால், 3 லட்சம் ரூபாய்க்கு 4,100 ரூபாய்க்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒருமுறைக் கட்டணம் 500, 1,000 என்று சொல்வதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கிளைக்கு போன் செய்து, அன்றைய நேரடி விகிதத்தோடு ஒப்பிட்டு, குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய வாடிக்கையாளருக்குப் பல கிளைகளில் குறைப்பார்கள்.

கேள்வி: 20% டிசிஎஸ் (பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) போய்விடுமா?

போகாது, முடங்கும். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை முதலீட்டுக்கு அனுப்பினால் டிசிஎஸ் இல்லை. அதற்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் 20%. 12 லட்சம் அனுப்பினால் 40,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் தெரிவித்தால் மாதப் பிடித்தத்திலேயே சரிசெய்யலாம். மார்ச்சில் 10 லட்சம், ஏப்ரலில் 10 லட்சம் என்று பிரித்தால் பிரச்சினையே இல்லை.

கேள்வி: இதெல்லாம் தலைவலி. என்எஸ்இ பங்குச் சந்தையில் உள்ள நாஸ்டாக் ஈடிஎஃப் (அமெரிக்க நாஸ்டாக் குறியீட்டைப் பின்பற்றும், பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) வாங்கினால் போதாதா?

போதும், விலையைச் சரிபார்த்து வாங்கினால். இந்திய மியூச்சுவல் ஃபண்டு துறை முழுவதும் சேர்ந்து வெளிநாட்டில் 700 கோடி டாலருக்கு மேல் போடக்கூடாது என்ற வரம்பு உண்டு. வெளிநாட்டு ஈடிஎஃப்களில் போடத் தனியாக 100 கோடி டாலர். 700 கோடி டாலர் வரம்பு 2022 தொடக்கத்தில் முட்டியது. ஃபண்டு நிறுவனம் புதிய யூனிட் உருவாக்க முடியாதபோது, வாங்க ஆள் அதிகம், யூனிட் குறைவு. சந்தை விலை உண்மை மதிப்புக்கு மேலே ஏறிவிடும். ஆர்டர் போடுவதற்கு முன் ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் ஐ-என்ஏவி எண்ணை (ஒரு யூனிட்டின் அந்த நேரத்து உண்மை மதிப்பு) பாருங்கள். அங்கே 150, சந்தையில் 165 என்றால் முதல் நாளே 10% கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். நாளை வரம்பை உயர்த்தினால் அந்த 10% ஆவியாகிவிடும், குறியீடு அசையாமலேயே. இரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் தொடமாட்டேன். மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு வாங்குவது) வேண்டாம், லிமிட் ஆர்டர் (நீங்கள் சொன்ன விலைக்குள் வாங்குவது) மட்டும்.

கேள்வி: வருமான வரியில் என்னென்ன காட்ட வேண்டும்? ஆடிட்டரே குழப்புகிறார்.

நேரடியாக வாங்கிய பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்து விற்றால் 12.5% வரி, அந்த வரியின் மேல் விதிக்கும் செஸ் தனி. அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்கு. டிவிடெண்டுக்கும் அடுக்கு வரி. அமெரிக்காவில் பிடித்த 25 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். 30% அடுக்கில் இருப்பவர் செஸ் சேர்த்து 31.2-ல் 25 போக 6.2 கட்டுவார். 20% அடுக்கில் இருப்பவருக்கு 20.8 வரைதான் கழிவு, மீதி 4.2 திரும்பி வராது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்களை அந்தந்த ஆண்டுக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் தவறுவது வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ-வில். இது நிதியாண்டு அல்ல, காலண்டர் ஆண்டு. 2024-25 நிதியாண்டுக் கணக்கில் 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை வைத்திருந்ததைக் காட்ட வேண்டும், இடையில் விற்றுவிட்டிருந்தாலும். ஒரே ஒரு பங்கின் துண்டு இருந்தாலும் ஐடிஆர்-1 என்ற எளிய வரிக் கணக்குப் படிவம் செல்லாது. ஐடிஆர்-2 அல்லது 3. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. அலுவலகம் கொடுத்த ஆர்எஸ்யூ பங்குகளும் இதில் அடங்கும். ஐடி ஊழியர்கள் கவனிக்க.

கேள்வி: அமெரிக்காவில் வாரிசு வரி உண்டாமே?

உண்டு. அமெரிக்கரல்லாதவர் இறக்கும்போது அங்குள்ள பங்குகளின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 40% வரை போகலாம். இதைத் தடுக்கும் ஒப்பந்தம் இந்தியாவுக்கு இல்லை. தொகை அந்த எல்லையை நெருங்கினால், அயர்லாந்தில் பதிவான உலகக் குறியீட்டு ஈடிஎஃப்களுக்கு மாறலாம். அவை அமெரிக்கச் சொத்தாகக் கணக்கில் வராது. அமெரிக்க டிவிடெண்டிலும் ஃபண்டு மட்டத்தில் 15% தான் பிடிப்பு.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன் அண்ணா. எனக்கும் இதேதானா?

இல்லை தம்பி. எல்ஆர்எஸ், டிசிஎஸ் எதுவும் உங்களுக்கு இல்லை. சிங்கப்பூரில் பங்கு லாபத்துக்கு வரியும் இல்லை. ஆனால் அமெரிக்காவோடு சிங்கப்பூருக்கு வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, டிவிடெண்டில் 30% போகும். அயர்லாந்து ஈடிஎஃப் உங்களுக்குத்தான் இன்னும் பொருத்தம்.

கேள்வி: மீட்சியில் வேகமாக ஏறும் என்பதால் ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கும், விற்கும் உரிமை), மார்ஜின் (கொஞ்சம் முன்பணம் கட்டிப் பெரிதாக வர்த்தகம்) போடலாமா?

எல்ஆர்எஸ் பணத்தில் மார்ஜின் வர்த்தகத்துக்கு அனுமதி இல்லை. ஆசைப்படவே வேண்டாம்.

கேள்வி: பங்கை விற்று டாலராகவே வைத்திருந்து, விலை இறங்கும்போது வாங்கலாமா?

180 நாள் வரை. அதற்குள் மறுபடி முதலீடு செய்ய வேண்டும், இல்லையென்றால் இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பல செயலிகள் இதை நினைவூட்டாது, விற்ற தேதியை நீங்களே குறித்து வையுங்கள்.